யோகியின் கன்னத்தில் ஒரு மலைப்பூச்சி

கிள்ளானில், நம் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. நல்ல காலை வெயில். ஒரு புடவைக் கடைக்கு முன்னால், அஞ்சடி நடைபாதையின் விளிம்பில், கல்யாணப் பெண் ஒருத்தி முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் ஓர் இளைஞர் சின்ன அட்டை ஒன்றைப் பிடித்திருக்கிறார். அட்டையில் கட்டம் கட்டமாக நிறங்கள். அவருடைய இன்னொரு கையில் அவளுடைய படம். படத்திலும் அதே கன்னம். அந்தக் கன்னத்தில் ஒரு பூச்சி.

மாப்பிள்ளை ஒரு தூணுக்குப் பின்னால் நிற்கிறார். மாப்பிள்ளையின் அம்மா இடுப்பில் கை வைத்து நிற்கிறார். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி என் கைப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துப் பாசிமணிக் கடைக்காரர் தலையை நீட்டினார்.

"என்னக்கா, பாஸ்போர்ட் படமா?"

"இல்லண்ணே, பூச்சி" என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. தே தாரிக் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு வசதியாக நின்று பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு கல்யாணம் நடக்குமா, நின்றுபோகுமா என்பது அந்த அட்டையில் இருந்தது. நான் ஒன்றும் ஏற்றிச் சொல்லவில்லை. ஏற்றுவது என் தொழில்தான், ஆனால் அது வேறு வகை ஏற்றல். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொஞ்சம் கலர்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக: நானும் என் வீட்டுக்காரரும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறோம். மாடியில் நாங்கள், கீழே பூக்கடை. அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். நான் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் எடுத்து வந்ததை மனிதர்கள் பார்க்கும்படி செய்வேன். ஸ்டூடியோ பேர் அவருடையது. கண்வலி என்னுடையது.

மலேசியத் தமிழர்களில் கறுப்பானவர்கள் யார் என்று என் கணினியைக் கேட்டால், "அப்படி யாருமே இல்லை" என்று சொல்லும். எங்கள் மாடிப்படி இறங்கிப் போன படங்களில் இருப்பவர்கள் எல்லாரும் நல்ல சிவப்பு. "அக்கா, கொஞ்சம் கலர் ஏத்திடுங்க" என்பார்கள். இதில் "கொஞ்சம்" என்பது அளவு அல்ல, மரியாதைக்குச் சொல்வது. உண்மையிலேயே கொஞ்சமாக ஏற்றிக் கொடுத்தால் அடுத்த நாளே திரும்பி வந்துவிடுவார்கள்.

பெண்ணின் அம்மா பெண்ணுக்குத் தெரியாமல் வந்து சொல்லிவிட்டுப் போவார். பெண் அம்மாவுக்குத் தெரியாமல் போன் போட்டுச் சொல்வாள். மாப்பிள்ளைகளும் இப்போது கேட்கிறார்கள், ஆனால் அவர்கள் "லைட்டிங் சரியில்லையோ?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். ஒருமுறை ஒருவர் தன் அப்பாவின் கண்ணீர் அஞ்சலிப் படத்தைக் கொண்டு வந்து, இதிலும் கொஞ்சம் ஏத்திடுங்க அக்கா என்றார். போய்ச் சேர்ந்த மனிதருக்கு இனி யார் பெண் கொடுக்கப் போகிறார்கள்? ஏற்றிக் கொடுத்தேன். நாலு பேர் வந்து "களையா இருக்காரு" என்று சொல்லிவிட்டு அழுதார்கள்.

நானும் கறுப்புதான். என் கல்யாணப் படத்தில் மட்டும் இல்லை.

மலை ஏறிய பட்டுப்புடவை

இப்போதெல்லாம் தாலி கட்டுவதற்கு முன்னால் மலை ஏறியாக வேண்டும். யார் விதித்தது என்று தெரியாது. பனிமூட்டம், பாசி பிடித்த மரம், நடுவில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பல் கிட்டித்து நிற்கும் ஒரு பெண். இந்தப் படம் இல்லாவிட்டால் அந்தத் தம்பதி காதலிக்கவில்லை என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அப்படித்தான் யோகேஸ்வரியும் பிரவினும் எங்கள் வண்டியில் பிரேசர் மலைக்கு வந்தார்கள். யோகி செராஸ் பெண். பெட்டாலிங் ஜெயாவில் கப்பல் சரக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் வேலை. நல்ல உயரம், நல்ல கறுப்பு, எதையும் நின்று பார்க்கும் கண். பிரவின் கிள்ளான் பையன், கணினி வேலை. அவரிடம் எதைக் கேட்டாலும் "எனக்கு ஓகே லா" என்பார். காலையில் ரொட்டி சானாயா தோசையா என்று கேட்டோம். "ரெண்டும் ஓகே லா" என்றார். பாவம், கடைசியில் அவருக்கு மட்டும் எதுவும் வரவில்லை.

யோகிக்குப் படத்துக்குச் சிரிக்க வராது. என் வீட்டுக்காரர் "ஸ்மைல் மா, ஸ்மைல்" என்று தொண்டை வற்றக் கத்தினார். அவள் உதட்டை இழுத்தாள். பல் டாக்டரிடம் வந்தவள் மாதிரி இருந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு, இதை எல்லாம் கணினியில் எப்படிச் சிரிக்க வைப்பது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பூச்சி வந்தது. பாசி மரத்திலிருந்து என்னவோ ஒன்று எழும்பித் தடுமாறிப் பறந்து, யோகியின் இடது கன்னத்தில் உட்கார்ந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். சாம்பல் நிறச் சிறகைக் கூரை மாதிரி மடித்து வைத்திருந்தது. சிறகின் ஓரத்தில் வெள்ளிக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு.

பிரவின் அதைப் பார்த்தார். "ஐயோ!" என்று ஒரு சத்தம். துள்ளிப் பின்னால் போனவர், பாசியில் வழுக்கி, செர்வானியோடு உட்கார்ந்துவிட்டார். ஆறடி மனிதர். ஒரு நகம் அளவு பூச்சி.

யோகி சிரித்தாள். வாய்விட்டு, பல் தெரிய, கண் சுருங்கச் சிரித்தாள். பூச்சியைத் தட்டிவிடவில்லை. அது பயந்துவிடக் கூடாதென்று தலையை மட்டும் அசைக்காமல் சிரித்தாள். என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் ஒருமுறையாவது "ஸ்மைல்" என்று சொல்லாமல் படம் எடுத்தார் என்றால் அது அப்போதுதான்.

அழுக்கு

பிரவினின் அம்மாவுக்குப் பேர் சரோஜா. கிள்ளானில் புடவைக் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்காரர் கல்லாவில் இருப்பார், பேசுவதெல்லாம் சரோஜா அக்காதான். மண்டப வாசலில் வைக்கும் பெரிய படங்களை அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. வாசலில் ஒரு பக்கம் மாப்பிள்ளை, ஒரு பக்கம் பெண், இரண்டும் ஆள் உயரத்துக்கு. பெண்ணின் படம் என்றால் யோகி சிரிக்கும் அந்த ஒன்றுதான் படம். அதை அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"படம் நல்லாருக்கு. அதென்ன கன்னத்துல அழுக்கு?"

"அழுக்கு இல்லக்கா. பூச்சி."

"பூச்சியா? என்ன பூச்சி?"

"அந்துப்பூச்சி மாதிரி இருக்கு."

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. புடவைக் கடைக்காரரிடம் அந்துப்பூச்சி என்று சொல்லிவிட்டோமே என்று அப்புறம்தான் உறைத்தது. அந்த அம்மா இருக்கும் இடத்திலிருந்து மூன்று கடை தள்ளியே அந்துருண்டை வாசம் வரும்.

"ஏம்மா, பட்டு விக்கிறவ வீட்டுக்கு வர்ற மருமக மூஞ்சியில அந்துப்பூச்சியா? வாசல்ல வேற வைக்கப் போறோம்! ஜனங்க என் கடையைப் பத்தி என்ன நெனைப்பாங்க? துடைச்சிடுங்க. அப்படியே கொஞ்சம் கலரும்..."

"ஏத்திடறேன்க்கா."

துடைத்தேன். பூச்சி போய்விட்டது. அப்புறம் கலர் ஏற்றினேன். யோகியும் போய்விட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து அவளே படம் பார்க்க வந்தாள். திரையைப் பார்த்தவள் கத்தவில்லை, சண்டை போடவில்லை. "அக்கா, இது யாரு?" என்றாள்.

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். மாமியார் ஆசைப்பட்டாங்க, எல்லாருக்கும் இப்படித்தான் செய்றோம், காப்பி குடிக்கிறியா என்று என்னென்னவோ சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு நாலு வயசுலேருந்து பவுடர் போட்டுத்தான் படம் எடுத்திருக்காங்க அக்கா. ஸ்கூல் படத்துல என் கழுத்து ஒரு கலர், மூஞ்சி ஒரு கலர். பொண்ணு பாக்க அனுப்பின படமும் நீங்க ஏத்திக் கொடுத்ததுதானே? நான் எதுவும் சொல்லல. மத்த படத்துல எல்லாம் எவ்வளவு வேணா ஏத்திக்கங்க. இதுல மட்டும் நான் சிரிச்சிருக்கேன். இதை விட்டுடுங்க."

"சரோஜா அக்காகிட்ட என்னம்மா சொல்றது?"

"அந்த வெள்ளைக்காரி வாசல்ல நின்னா நான் உள்ள வரமாட்டேன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் சரோஜா அக்காவிடம் சொல்லவில்லை. எனக்கு என்ன பைத்தியமா?

டாக்டர்

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. கல்யாண வீட்டுப் படம் எடுத்துச் சாப்பிடுகிறவர், மனசுக்குள் தன்னைக் காட்டுப் புகைப்படக்காரர் என்று நினைத்துக்கொண்டிருப்பார். யாரையும் கேட்காமல், பூச்சியோடு இருந்த அசல் படத்தை, கண்ணுக்குக் கீழே கன்னம் மட்டும் தெரியும்படி வெட்டி, பேஸ்புக்கில் பூச்சிப் பிரியர்கள் கூடும் பக்கம் ஒன்றில் போட்டுவிட்டார். "இறைவனின் படைப்பு" என்று தலைப்பு வேறு. இறைவனுக்கு இவர் விளம்பரம் தேவைப்பட்டிருக்கிறது.

இரண்டொரு நாளில் ஓர் இளைஞர் மாடிப்படி ஏறி வந்தார். பேர் முகிலன். கோயம்புத்தூர்க்காரர். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் அந்துப்பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் டாக்டர். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அறையில் குடியிருக்கிறார். மூச்சு வாங்க நின்றவர், வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மேடம், அந்தப் படம் எங்கீங்க?"

முழுப் படத்தைத் திரையில் போட்டேன். அழகான பெண், பட்டுப்புடவை, அப்படி ஒரு சிரிப்பு. மனிதர் எதையும் பார்க்கவில்லை. மூக்கு திரையில் முட்டப் பூச்சியையே பார்த்தார். என் அனுபவத்தில் கல்யாணப் பெண் படத்தில் "கொஞ்சம் பெருசு பண்ணுங்க" என்று கேட்டு, பருவைத் தேடாத முதல் ஆண்பிள்ளை இவர்தான்.

அப்புறம் பேச ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். இந்தப் பூச்சி மலை உச்சியில், மேகம் வந்து மரத்தைத் தொடும் உயரத்தில் மட்டும்தான் இருக்குமாம். வெள்ளைக்காரன் காலத்தில் எவரோ ஒன்றைப் பிடித்து ஊசி குத்திக் கடல் கடந்து கொண்டுபோய்விட்டார்களாம். அது அங்கே ஒரு பெட்டியில் வெளுத்துப்போய்ப் பழுப்பாகக் கிடக்கிறதாம். உயிரோடு இருக்கும் ஒன்றின் படம் அவர் தேடிய வரையில் எங்குமே இல்லையாம்.

"சின்னதுல, புழுவா இருக்கறப்ப மரத்துல வளர்ற கல்பாசியத் தின்னும்ங்க."

"நாங்க குருமாவுல போடற கல்பாசியா?"

"அதே வகைதானுங்க."

எனக்குச் சட்டென்று அந்தப் பூச்சியின் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து மலை மேல் செட்டிநாட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது!

"கீழ சூடாக சூடாக இதுங்க மேல மேல போகும் மேடம். மலைக்கு உச்சின்னு ஒண்ணு இருக்குதில்லைங்களா. அதுக்கு மேல போறதுக்கு இடமில்லைங்க" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் கேட்டார், "இந்தக் கலர் நெசமுங்களா? எடிட் பண்ணிருக்கீங்களா?"

"இந்த ஸ்டூடியோவுலயே இது ஒண்ணைத்தான் தம்பி எடிட் பண்ணல."

அவருக்கு அது போதவில்லை. சிறகு ஓரத்தில் அந்த வெள்ளிப் பச்சைக் கோடு நிஜம் என்றால் இது அந்த அபூர்வப் பூச்சி. கேமரா செய்த கோளாறு என்றால் இதே சாயலில் இருக்கும் வேறொரு சாதாரணப் பூச்சி. கேமரா நிறத்தைச் சரியாகப் பிடித்ததா என்று ஒத்துப் பார்க்க வேண்டும்.

"பூச்சி போயிடுச்சே தம்பி. எதோட ஒத்துப் பாப்பீங்க?"

"பூச்சி போனாப் போகட்டுங்க. அது உக்காந்த எடம் இருக்குதில்லைங்களா?"

"அது எடம் இல்ல தம்பி. யோகி."

யோகிக்குப் போன் போட்டேன். டாக்டர் அவள் கன்னத்துப் பக்கத்தில் நிற அட்டை வைத்துப் பார்க்க வேண்டும், சரியாக இருந்தால் ஆராய்ச்சிப் புத்தகத்தில் அந்தப் படத்தைப் போடுவார், அதற்கு அவள் சம்மதம் வேண்டும் என்றேன்.

"என் கலர்லயே வருமா?"

"அவருக்கு அதுதான் வேணுமாம்."

"அப்ப சனிக்கிழமை கிள்ளானுக்கு வரச் சொல்லுங்க. அத்தை கடையில கூறைப்புடவை எடுக்கறோம். அங்கதான் இருப்பேன்."

புத்திசாலிப் பெண். மாமியார் கண்ணுக்கு முன்னாலேயே வைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டாள்.

வரமாட்டேன்

டாக்டர் என்று சொன்னதும் சரோஜா அக்கா முகம் மலர்ந்து, உட்காரச் சொல்லி, குடிக்க மைலோ வரவழைத்து, தன் முழங்காலை நீட்டிவிட்டார்.

"மாடி ஏறினா இங்கேருந்து இங்க வரைக்கும் குத்துது தம்பி."

"நான் பூச்சி டாக்டருங்க."

"பூச்சிக்கு வைத்தியமா?" என்று கால்களை மடக்கிக்கொண்டார். அடுத்த நொடியே வியாபாரம் வந்துவிட்டது. "அப்ப பின்னாடி ஸ்டோரைக் கொஞ்சம் பாத்துட்டுப் போங்க. அந்துருண்டை போட்டும் அடங்க மாட்டேங்குது."

இவர் வந்தது கொல்வதற்கு அல்ல, கொண்டாடுவதற்கு என்று நான் சொன்னேன். படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. சரோஜா அக்கா மைலோவைத் திரும்ப எடுத்துக்கொள்வாரோ என்று பயந்தேன்.

"புத்தகத்துல போடறதா? இந்த மூஞ்சியோடயா? ஈப்போவுல என் அண்ணி, நாத்தனார் எல்லாருக்கும் நீங்க ஏத்திக் குடுத்த படத்தை அனுப்பி வச்சிருக்கேன். 'நல்ல செவப்பான மருமக'ன்னு அவங்க வயிறெரிஞ்சு கெடக்கறாங்க. இப்ப இதைப் போட்டா நான் எப்படித் தலைகாட்டறது? சொல்லிட்டேன், இந்தப் படம் வெளிய வந்தா நான் மண்டபத்துக்கு வரமாட்டேன்."

யோகி கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். தோளில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு பட்டு. சிவப்பான பெண்ணுக்கு என்று சரோஜா அக்கா எடுத்துப் போட்டது. கண்ணாடி வழியாகவே பேசினாள்.

"அந்த ஏத்தின படம் வாசல்ல நின்னா நானும் வரமாட்டேன் அத்தை."

கடையில் வேலை செய்யும் பெண்கள் மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். கல்லாவில் இருந்த மாமனார் ஏற்கெனவே மூடியிருந்த டிராயரை இன்னொரு முறை மூடினார். யோகி பிரவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எந்தப் படம்?"

பிரவின் அம்மாவைப் பார்த்தார். யோகியைப் பார்த்தார். என்னைக்கூடப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டும் ஓகே லா."

சத்தியமாகச் சொல்கிறேன், கையில் இருந்த குடையால் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. யோகி தோளில் இருந்த பட்டை எடுத்து, மடிப்புக் கலையாமல் மேசையில் வைத்தாள்.

"அப்ப கூறைப்புடவை இன்னைக்கு எடுக்க வேணாம் அத்தை."

இன்றைக்கு வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். பத்திரிகை அடித்தாகிவிட்டது. மண்டபம் பேசியாகிவிட்டது.

முகிலன் மட்டும் இதில் எதையும் கவனிக்கவில்லை. தன் அட்டையைக் கடையின் விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இங்க லைட்டு செரியில்லைங்க. இதுல நெசக் கலரு தெரியாது."

சரோஜா அக்கா விருட்டென்று எழுந்தார்.

"யாருக்குத் தம்பி சொல்றீங்க? என் கடையில யாருமே ட்யூப் லைட்ல கலர் பாக்க மாட்டாங்க. கலர் பாக்கணும்னா வெளிய வாங்க!"

வெளிச்சம்

புடவை வாங்கியவர்களுக்குத் தெரியும். கடைக்குள் மயில்கழுத்தாக மின்னுவது வீட்டுக்குப் போனால் வெறும் நீலமாக இருக்கும். அதனால் விவரமானவர்கள் புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய், வெயில் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். மற்ற கடைகளில் வாடிக்கையாளர் கேட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு காட்டுவார்கள். சரோஜா அக்கா கேட்காமலே தூக்கிக்கொண்டு போவார். "எங்கிட்ட எடுத்த புடவை கலர் மாறிடுச்சுன்னு ஒருத்தி திரும்பி வந்ததில்ல" என்பது அவர் எல்லாரிடமும் சொல்லும் பெருமை.

அந்த வேகத்தில்தான் யோகியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அஞ்சடிக்கு வந்துவிட்டார். நான் ஆரம்பத்தில் சொன்ன இடத்துக்கு இப்போது வந்துவிட்டோம்.

முகிலன் அட்டையைப் பிடித்தார். அதன் நிழல் யோகியின் கன்னத்தில் விழுந்தது. வேறு பக்கம் மாறினார். இப்போது அவருடைய தலையின் நிழல் விழுந்தது. சரோஜா அக்காவால் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

"இப்படிப் புடிச்சா எப்படித் தம்பி கலர் தெரியும்? தள்ளுங்க."

படத்தைப் பிடுங்கிக்கொண்டார். யோகியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். படத்தைக் கன்னத்தோடு ஒட்டி வைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அரை அடி பின்னால் போய்ப் பார்த்தார். முந்தியையும் ரவிக்கைத் துணியையும் ஒத்துப் பார்க்கும் அதே பார்வை. அங்கே மருமகள் இல்லை, ஈப்போ அண்ணி இல்லை. நிறம் மட்டும்தான் இருந்தது.

"கலர் கரெக்ட்" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. படத்தைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

முகிலன் அட்டையை வைத்துத் தானும் பார்த்துவிட்டு, "செரிதானுங்க. அப்ப அந்தப் பச்சைக் கோடும் நெசம்" என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. யோகியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்னடி? வெயில் கண்ணுல குத்துதா?" என்றார் சரோஜா அக்கா.

"இல்ல அத்தை. என் கலரைப் பாத்து கரெக்ட்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

நான் கைப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். பாசிமணிக் கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

தூணுக்குப் பின்னாலிருந்து பிரவின் மெதுவாக வந்தார். "எனக்கு மொதல்லேருந்தே இந்தக் கலர்தான் புடிக்கும்" என்றார்.

யோகிக்கு வந்ததே கோபம். "இப்பதானே கேட்டேன்! அப்ப எங்க போச்சு வாயி?"

"அம்மா இருந்தாங்க லா."

"இப்பவும் இருக்காங்க!"

"இப்ப அம்மாவே கரெக்ட்னு சொல்லிட்டாங்க லா."

இவரோடு அவள் எப்படிக் குடும்பம் நடத்தப் போகிறாளோ என்று நினைத்தேன். ஆனால் அவளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அன்றைக்கு வரவில்லை. நல்ல படம் ஒன்று போயிற்று.

சரோஜா அக்கா இன்னும் யோகியின் தாடையை விடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு அவருடைய முகம் நன்றாகத் தெரிந்தது. அவரும் சிவப்பு இல்லை. முகத்தில் அப்பியிருக்கும் பவுடரை எந்த வயதிலிருந்து போடுகிறாரோ என்று தோன்றியது. கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

பிறகு கடைக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். "அந்த ரோஸை உள்ள வைம்மா. இந்தக் கலருக்கு அது எடுக்காது. மேல் தட்டுல மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர் வச்சது இருக்கும் பாரு, அதைக் கொண்டா. வெளிய கொண்டா!"

அந்தப் பட்டைப் பிரித்து யோகியின் தோளில் போட்டார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மஞ்சளுக்கு அவளும், அவளுக்கு மஞ்சளும் அப்படி எடுத்துக் கொடுத்தன. கணினியில் இதற்கு நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது.

வாசலில்

வரவேற்பு நாள். மண்டப வாசலில் ஒரு பக்கம் பிரவின், பாசியில் விழுவதற்கு முன்னால் எடுத்தது. இன்னொரு பக்கம் யோகி, பூச்சியோடு. ஏற்றாமல், துடைக்காமல் ஆள் உயரத்துக்கு நின்றாள். என் ஸ்டூடியோ பேரைக் கீழே சின்னதாகப் போட்டிருந்தேன். ஆளுக்கு ஆள் வந்து, என்ன அக்கா, எடிட் பண்ண மறந்துட்டீங்களா என்று கேட்டார்கள்.

சரோஜா அக்கா மேடைப் பக்கமே போகவில்லை. யோகியின் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். "அழுக்கு இல்லைங்க, மலைப்பூச்சி. அபூர்வமாம். டாக்டரே கடைக்கு வந்தாரு. புத்தகத்துல வரப்போகுது." பூச்சி அந்துப்பூச்சி என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வியாபாரம் இருக்கிறதே.

ஈப்போ அண்ணி வந்தார். கழுத்து நிறைய நகை. கையில் போன். போனில் நான் ஏற்றிக் கொடுத்த படம். அதைப் பார்த்தார், வாசல் படத்தைப் பார்த்தார், எட்டி மேடையில் மாம்பழ மஞ்சளில் நின்ற யோகியைப் பார்த்தார். இதற்காகவே இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தவர் மாதிரி ஒரு திருப்தி முகத்தில்.

"பூச்சி கெடக்கட்டும் சரோஜா. போட்டோவுல பொண்ணு நல்ல செவப்பா இருந்தாளே? இங்க என்ன இப்படி?"

சரோஜா அக்கா அண்ணியின் கையில் இருந்த போனை வாங்கி, ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பக் கொடுத்தார்.

"அது ட்யூப் லைட் கலரு அண்ணி. நான் வெளிச்சத்துல வச்சுப் பாத்துத்தான் பொண்ணு எடுத்திருக்கேன்."